ஐந்து நிமிட விதி

கட்டைகளால் ஆன உலகம் அது.
ஒரு கட்டை ஒரு மீட்டர். சூரியன்கூடச் சதுரம்.
அதில் முதலில் பசியை வைத்தேன்:
இறைச்சி மூன்று நாளில் கெடும், உப்பிட்டால் முப்பது.
பிறகு தாகம். பனியை அப்படியே தின்றால்
உடம்புச் சூடு இறங்கும்; உருக்கித்தான் குடிக்க வேண்டும்.
முட்டுக் கொடுக்காமல் சுரங்கம் தோண்டினால்
கூரை விழும்.
விழுந்தது. திட்டினார்கள். விளையாடினார்கள்.

ஊலு நகரத்தில், மூன்றாம் மாடியில்,
ரேடியேட்டர் மேல் கால்களை வைத்துக்கொண்டு
குளிரை எழுதினேன்.
ஈரச் சாக்ஸுக்கு ஓர் எண். காற்றுக்கு ஓர் எண்.
கம்பளிக்கும் மான்தோலுக்கும் தனித்தனி.
எல்லாம் கழித்து மிச்சம் பூஜ்யமானால்
சாவு. நாலு நிமிடம்.
கணக்கு சுத்தமாக இருந்தது.

டிசம்பரில் ஒரு மின்னஞ்சல்.
ஐமோ. இனாரிக்கு வடக்கே
சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர்.
இரவுப் பணி முடிந்து விளையாடுவாராம்.

"உங்கள் குளிர் தப்பு, கெர்த்து.
குளிர் ஆளை அப்படிக் கொல்லாது.
முதலில் முட்டாளாக்கும்."

அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.

சரி என்று முட்டாள்தனத்தை எழுதினேன்.
முப்பத்து நான்கு டிகிரிக்குக் கீழே விரல் தவறும்;
கோடரி எடுக்கப் போனால் கையில் ரொட்டி வரும்.
முப்பத்து மூன்றில்
சிக்கிமுக்கிக் கல் பையில் இருந்தும் கண்ணில் படாது.
வரைபடம் தலைகீழாகும், மெதுவாக,
திரும்பியதே தெரியாதபடி.
ஓர் இரவு நானே சோதித்துப் பார்த்தேன்.
நான் கட்டிய மர வீட்டை மூன்று முறை சுற்றினேன்,
கதவு வைத்த பக்கம் மறந்துபோய்.
மேசையில் காபி ஆறிக் கிடந்தது.
சிரிப்பு வந்தது.

அனுப்பினேன். பதில்:

"பரவாயில்லை. ஒன்று பாக்கி.
கடைசியில் சுடும்.
வெப்பமானி நிறையச் சிவப்பு ஏற வேண்டும், ஜூலை மாதம் போல.
அப்புறம் அவன் மேலங்கியைக் கழற்ற வேண்டும்,
நாம் பொத்தானை அழுத்தாமலே."

வெப்பமானி பொய் சொன்னால்
என்னைச் சும்மா விடுவார்களா என்று கேட்டு எழுதினேன்.
கூடவே, யோசிக்காமல்,
உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும்.

பதினோரு நாள் ஒன்றும் வரவில்லை.
தெருவில் பனி ஏறியது, தள்ளினார்கள், ஏறியது.
பகல், ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு
உட்காராமலே போனது.

பன்னிரண்டாம் நாள்:

"எனக்கு மேலங்கிதான் முதலில் கிடைத்தது.
வேலிக் கம்பத்தில் மாட்டியிருந்தான்,
வீட்டில் மாட்டுவது போல, காலர் மடங்காமல்.
தொப்பி கொஞ்சம் தள்ளி. கையுறைகள் ஒன்றன்மேல் ஒன்று.
வாழ்நாளில் அவன் எதையும்
எடுத்த இடத்தில் வைத்தவன் இல்லை."

யார் என்று அவர் எழுதவில்லை.
நான் கேட்கவில்லை.

வெப்பமானி இப்போது பொய் சொல்கிறது.
புகார்கள் குவிந்தன. பிழை, பெரும் பிழை,
காசு வாங்காமல் செய்தால் இப்படித்தான்.
எல்லோருக்கும் ஒரே வரி அனுப்பினேன்:
பிழை இல்லை.

இன்னொன்றும் செய்தேன், மாற்றக் குறிப்பில் சேர்க்காமல்.
இந்த விளையாட்டின் பழைய விதி,
தரையில் விழுந்த பொருள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும்.
கல், ரொட்டி, வாள், வைரம், எதுவானாலும்.
அதிலிருந்து மேலங்கியை மட்டும் விலக்கினேன்.
அது கிடக்கும். மேலே பனி ஏறும், உருகும்.
பக்கத்தில் வேலி இருந்தால் வேலியில் தொங்கும்,
யாராவது வந்து எடுக்கும்வரை.

பிப்ரவரியில் ஐமோவிடமிருந்து ஒரு படம்.
எழுத்து எதுவும் இல்லை.
சதுர நிலா, சதுரப் பனி,
வேலிக் கம்பத்தில் மேலங்கி.
அதை அவர் எடுக்கவில்லை.
வேலியோடு சேர்த்து நாலு சுவர் எழுப்பியிருந்தார்,
கூரைக்கு முட்டுக் கொடுத்து.
உள்ளே ஓர் அடுப்பு,
எரிந்துகொண்டிருந்தது.